நீல சைக்கிளின் பிரேக் உறைகள்

அன்புள்ள தம்பி,

உன்னுடைய நீல சைக்கிள் இப்போது நம் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதே சைக்கிள்தான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வாசலிலிருந்து திருடு போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது. அது திருடு போகவில்லை. உன் அம்மா நான்தான் அதைக் கொண்டுபோய் ஒருவரிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் அன்றைக்குக் கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். இதைக் கடைசிப் பக்கத்தில் எழுதலாம் என்று தள்ளி வைத்தால் எழுதாமலே முடித்துவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் மீதியையும் படித்துவிடு. நிஷாவிடம் காட்டவேண்டும் என்று தோன்றினால் காட்டு. இன்னும் இரண்டு மாதத்தில் இந்த வீட்டு மருமகளாக வரப்போகிறவள், மாமியார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டே வரட்டும்.

போன மாதம் நீ கோலாலம்பூரிலிருந்து போனில் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? தாலியும் மோதிரமும் நகைக்கடையிலிருந்து வந்துவிட்டதா என்று கேட்டாய். வந்துவிட்டது என்றேன். "எல்லாத்தையும் நீங்களே உள்ள வச்சுப் பூட்டுங்கம்மா. அப்பாகிட்ட குடுத்துடாதீங்க லா. அவரு பூட்டுற லட்சணம்தான் நமக்குத் தெரியுமே" என்று சிரித்தாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் வீட்டில் அது எப்போதோ ஒரு வேடிக்கையாகிவிட்டது. ஆனால் நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். "அவன் சொல்றது சரிதான்" என்றார். நீ போனை வைத்த பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, அறைக்குள் நுழைந்து அலமாரியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறையும். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி நெத்திலியை எடுத்தார். அந்த மனிதருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் நான்.

அந்த சைக்கிள் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் யாருடைய ரேசிங் சைக்கிளையோ ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாய். அப்பா சிங்கப்பூரில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் விசாரித்தார். அங்கே ஒரு பெரியவர் தான் இளம் வயதில் ஓட்டிய ஜப்பான் சைக்கிளை வீட்டுப் பின்கட்டில் போட்டு வைத்திருந்தார். இரும்புச் சட்டம். கைப்பிடி ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். பிரேக் கம்பிகள் இரண்டும் பிடியின் உச்சியிலிருந்து கிளம்பி இறால் மீசை போல மேலே வளைந்து போகும். நீ பிறப்பதற்கு முன்னால் செய்த சைக்கிள். அதை எப்படி எல்லை தாண்டி ஜொகூரில் நம் வீட்டுக்குக் கொண்டுவருவது? அப்பா தன் மோட்டார் சைக்கிளைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு, வேலை முடிந்த கையோடு அந்த சைக்கிளில் ஏறிப் பாலத்தைக் கடந்து வந்தார். வாழ்க்கையில் அதுவரை அப்படிக் குனிந்து ஓட்டும் சைக்கிளில் ஏறாத மனிதர். பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார்காரர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று கத்திச் சிரித்தார்களாம். வாசலில் வந்து இறங்கியபோது முதுகு நிமிரவில்லை. "டேய் மாறா, முதுகு உடைஞ்சிருச்சுடா, ஆனா பிரேக் சூப்பரா பிடிக்குது" என்றார். நீ அவரைக் கட்டிக்கொண்டாய். நனைந்த சட்டையோடு இரண்டு பேரும் நின்றதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அடுத்த மூன்று வருஷம் உங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் உலகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ முன்னால் ஓட்டுவாய், அவர் மோட்டாரில் பின்னால் வருவார். நெடுந்தூரம் போய்விட்டு வருவீர்கள். திரும்பி வந்து எத்தனை நிமிஷம் என்று பேசுவீர்கள். மாநில அணிக்குத் தேர்வு வரப்போகிறது என்றார்கள். அதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் பேசும்போதெல்லாம் நான் எழுந்து போய் எதையாவது கழுவிக்கொண்டிருப்பேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனால் அதில் என்ன பார்ப்பேன் என்று உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு கவுண்டரில் உட்கார்ந்து பெயர், அடையாள அட்டை எண், விலாசம் எழுதுகிறவள் நான். உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குக் கடைசியாகத்தான் தெரியும். ஆனால் யார் யார் அழைத்து வரப்படுகிறார்கள் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். சைக்கிளில் பயிற்சிக்குப் போனவன், லாரி மோதிவிட்டது. உன்னுடையது மாதிரியே இறுக்கமான கறுப்புக் கால்சட்டை. சிறிது நேரம் கழித்து அவனுடைய அம்மா வந்தார், ஒரு மலாய்க்கார அம்மா. கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் பள்ளிச் சீருடை, தேய்த்து மடித்தபடி. நான் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு என்னிடம், "கக், போலே பாகி சூராட் உந்தோக் செக்கோலா?" என்று கேட்டார். அன்றைக்கு அவனுக்குப் பரீட்சையாம். பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு ஒரு கடிதம் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். அந்த நேரத்தில் உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். டாக்டர் வந்து சொல்லும் வரைக்கும் நான் எதுவும் சொல்லக்கூடாது. "போலே, கக்" என்றேன். தரலாம் அக்கா என்று சொன்னேன், தம்பி. அவர் நன்றி சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட. நீ அப்போது பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தாய், மூன்று நாள். வீட்டுக்கு வந்தால் வாசலில் அந்த சைக்கிள் நின்றது. மறுநாள் எனக்கு விடுமுறை. அப்பா வழக்கம்போல் விடிவதற்கு முன்னால் எழுந்து, மோட்டாரை வெளியே தள்ளி, கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார். விடிந்த பிறகு நான் பூட்டைத் திறந்து, காரின் பின் சீட்டை மடக்கி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கோத்தா திங்கிக்குப் போனேன். பக்கத்துக் கடையில் கொடுத்தால் உன் கண்ணில் பட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன், பார்த்துக்கொள். அங்கே ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். "யாருக்காவது குடுங்க, எனக்கு எதுவும் வேணாம்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். என்ன சொல்வது என்று அதுவரை யோசிக்கவேயில்லை. அப்பா சாயங்காலம் வந்து "சைக்கிள் எங்க?" என்று கேட்டபோதுதான் வாயில் வந்தது. "காலைல நான் எழுந்தப்ப கேட்டு திறந்து கெடந்துச்சுங்க." அவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை அவரே சொல்லிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "நான் பூட்டலையா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "தூக்கக் கலக்கத்துல விட்டுட்டேன் போல" என்றார்.

நீ முகாமிலிருந்து வந்த அன்று அவர்தான் உன்னிடம் சொன்னார். எனக்கு அந்த வேலையையும் வைக்கவில்லை. "அப்பாதான்யா பூட்டாமப் போயிட்டேன். மன்னிச்சிரு" என்றார். நீ ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாய். "உங்க மோட்டார் பத்திரமா இருந்தா போதும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அப்போதே கதவைத் தட்டி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உன் அழுகை கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அப்பா வேறு சைக்கிள் பார்த்தார், நீ வேண்டாம் என்றாய். அதன் பிறகு நீ அவர் மோட்டாரில் பின்னால் ஏறியதே இல்லை. பஸ்ஸில் போனாய். பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய், அவரிடம் "போயிட்டு வரேன்ப்பா" என்று மட்டும் சொன்னாய். பத்தொன்பது வயதில் நீயே ஒரு மோட்டார் வாங்கிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் நெடுஞ்சாலையில் ஓட்டினாய். நான் எதிலிருந்து உன்னைக் காப்பாற்றினேன் என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ உயிரோடு நன்றாக இருக்கிறாய், அதற்குக் காரணம் நான் செய்த காரியம்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

உன் போன் வந்த மறுநாளே நான் கோத்தா திங்கிக்குப் போனேன். கடை இருந்தது. அந்தச் சீனருக்கு வயதாகிவிட்டது, ஆனால் என்னை மறக்கவில்லை. இனாமாக சைக்கிள் கொடுத்துவிட்டு ஓடியவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. தன் மைத்துனர் கடலோரத்தில், மெர்சிங்கில் இருக்கிறார், அவர்தான் அதை ஓட்டுகிறார் என்று சொல்லிப் போன் போட்டுக் கொடுத்தார். அப்பாவிடம் மெர்சிங்கில் கெரோப்போக் மீன் அப்பளம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன கடைசிப் பொய் அது. படகுத் துறைக்குப் பக்கத்தில் அந்த மனிதர் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு கம்பிக் கூடை கட்டியிருந்தது. நீலம் பல இடத்தில் துருவாகியிருந்தது. "என் மகனுடையது, அவனுக்குக் கல்யாணம்" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கூடையை அவிழ்த்து எடுத்துவிட்டு, அவரே காரில் ஏற்றிக் கொடுத்தார்.

அப்பா அதைப் பார்த்ததும் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். காரின் பின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இது மாறனோடது" என்றார். "இது நம்ம மாறனோட சைக்கிள்ம்மா! எங்க கெடச்சுது?" நான் "மெர்சிங்ல. அப்புறம் சொல்றேன்" என்றேன். அவருக்கு அப்புறம் கேட்கக்கூடத் தோன்றவில்லை. இறக்கி நிறுத்தி, குனிந்து, இரண்டு பிரேக் பிடிகளையும் பிடித்துப் பார்த்தார். கையை எடுத்தபோது உள்ளங்கை கறுப்பாக இருந்தது. பிடியின் மேல் தோல் மாதிரிப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை கடல் காற்றில் வெடித்து, ஒரு பக்கம் பிசினாக உருகி, மறு பக்கம் கறுப்பு ஒயர் டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. ஓட்டுகிறவன் கை எந்நேரமும் வைத்திருக்கும் இடம் அதுதான் என்றார். "இதைக் கழட்டி, புதுசு மாட்டி, துரு எல்லாம் தேச்சு, கல்யாணத்தன்னிக்கு அவன்கிட்ட குடுக்கப் போறேன். தொலைச்சவன் நானு. நான்தான் சரி பண்ணிக் குடுக்கணும்." அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபடியும் நாளைக்கு என்று வைத்தேன்.

இரண்டு வாரம் அவர் அதனோடுதான் இருந்தார். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். துருவைத் தேய்த்தார். எல்லாம் கிடைத்தது, அந்த உறை மட்டும் கிடைக்கவில்லை. ஜொகூர் பாருவில் நான்கு கடை ஏறி இறங்கினார். அவ்வளவு பழைய பிடிக்கு இப்போது யாரும் உறை வைத்திருப்பதில்லை. கடைசியில் வெடித்துப்போன பழைய உறை ஒன்றை அப்படியே உரித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போனார். ஓய்வு பெற்ற பிறகு பாலத்தைத் தாண்டவே பிடிக்காத மனிதர். பழைய சைக்கிள்களை மட்டும் பார்க்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்து, சாயங்காலம் ஒரு ஜோடி உறையோடு திரும்பி வந்தார். தேன் நிறம். முகர்ந்து பார் என்று என் மூக்கில் வைத்தார். லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகள் நான், எனக்கு ரப்பர் வாசனையைக் காட்டுகிறார். கடைக்காரர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டும், உள்பக்கம் ஸ்பிரிட் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு தானே காய்ந்து பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும். பிடியின் இரண்டு பக்கமும் வரும் இடத்தில் உறை மெல்லியது, அவசரப்பட்டால் கிழிந்துவிடும். இன்னொரு ஜோடி அந்தக் கடையிலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஹாலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். அவர் கைப்பிடியில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்தார், பிரேக் கம்பியைத் தளர்த்தினார், பிடியை அமுக்கி உள்ளே ஒளிந்திருந்த திருகைத் திருப்பினார். இரண்டு பிடிகளும் கையோடு வந்தன. ஒட்டிக்கொண்டிருந்த பழைய ரப்பரை நான் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்தேன். வருஷக்கணக்கில் மோட்டார் முறுக்கிய கை அவருக்கு, விரல் மூட்டுகள் இப்போது சரியாக மடங்குவதில்லை. அதனால் அவர் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் உறையை இழுத்தேன். இடது பக்கம் நன்றாக ஏறிவிட்டது. "பாத்தியா, கையுறை மாதிரி" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். வலது பக்கத்தை எடுத்தோம். பாதி ஏறியது. அப்போது அவர், "மாறன் இதைத் தொட்டுப் பார்த்தா, அப்பா மேல உள்ள கோவம் போயிரும்ல?" என்றார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. பிடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

நான் இழுப்பதை நிறுத்தினேன். "என்னங்க, அன்னிக்கு நீங்க கேட்டைப் பூட்டிட்டுத்தான் போனீங்க."

"என்னிக்கு?"

"சைக்கிள் காணாமப் போன அன்னிக்கு. யாரும் திருடல. நான்தான் கார்ல ஏத்திட்டுப் போயி கோத்தா திங்கியில குடுத்துட்டு வந்தேன்."

அவர் பிடியை விடவில்லை. "அப்ப நான் பூட்டினேனா?" என்றார்.

"பூட்டினீங்க."

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றார், மெதுவாக. "பூட்டு விழுந்த சத்தம்கூட ஞாபகம் இருந்துச்சு. ஆனா நீ திறந்து கெடந்துச்சுன்னு சொன்னியே."

தம்பி, திருமணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த வார்த்தையில் இருக்கிறது. அவர் தன் காதால் கேட்டதை விட்டுவிட்டு நான் சொன்னதை நம்பினார். கூட வாழ்கிறவர்கள் அப்படித்தான் நம்புவார்கள். நிஷாவும் உன்னை அப்படி நம்புவாள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதருக்கு அவருடைய ஞாபகத்தையே சந்தேகமாக்கிவிட முடியும். நான் செய்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், பிறகு சும்மா இருந்தேன். சும்மா இருந்ததுதான் பெரிய குற்றம்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், நம் குடியிருப்புத் தாமான் முனையில் உள்ள சாப்பாட்டுக் கடையில் போய் ஒரு தே தாரேக் டீயோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். வலது பிடி பாதி மாட்டிய உறையோடு செய்தித்தாளின் மேல் அப்படியே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. அதைச் சுற்றித்தான் ஹாலைக் கூட்டினேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியிருக்கிறார், சாப்பாட்டைத் தள்ளியிருக்கிறார், ஆனால் இப்படி இருந்ததில்லை. திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். நான்காம் நாள் காலை சமையலறையில் சத்தம் கேட்டது. அவரே தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து செய்தித்தாளின் மேல் வைத்தார். "வா, வந்து இழு. என் விரலால முடியல" என்றார். நான் போய் உட்கார்ந்தேன். உறையைச் சுடுதண்ணீரில் நனைத்தபோது, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அந்த மலாய்க்கார அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சீருடைப் பையைப் பற்றி, கடிதம் தருகிறேன் என்று நான் சொன்னதைப் பற்றி. சொல்லி முடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நானும் உன்கூட உக்காந்து அழுதிருப்பேன். ரெண்டு பேருமா அவன்கிட்ட பேசியிருப்போம். அவன் ஓட்டியிருப்பானோ விட்டிருப்பானோ, அது வேற." இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. அது கொஞ்ச நாளு இருக்கும். நீ இழு" என்றார். நான் இழுத்தேன். மெல்லிய இடம் வந்ததும், "மெதுவா, மெதுவா" என்றார். ஏறிவிட்டது. பிடியைக் கைப்பிடியில் பூட்டி, கம்பியை முறுக்கி, புதுப் பட்டையைச் சுற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சாயங்காலம் அவர் தாமானை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். குனிய முடியாமல் நிமிர்ந்தபடி, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க.

உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். "கல்யாண நேரத்துல எதுக்கு? இவ்வளவு நாளு என்மேல இருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாளு இருந்தா என்ன?" நான் மாட்டேன் என்றேன். நீ மேடையில் அவர் காலில் விழுந்து எழும்போது, இவர் எனக்குப் பிடித்த ஒன்றை அலட்சியத்தால் தொலைத்தவர் என்ற எண்ணத்தில் ஒரு துளிகூட உன் மனசில் இருக்கக்கூடாது. இந்தக் கடிதத்தை அவருக்குத் தெரியாமல் எழுதவில்லை. எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எதிரே உட்கார்ந்து நாளிதழ் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறார்.

என்னை மன்னிப்பதைப் பற்றி நீ நிதானமாக யோசி. உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். கல்யாண வேலை இருக்கிறதே என்று என்னிடம் சிரித்துப் பேசவேண்டிய அவசியம் இல்லை. பயத்தில் செய்தேன் என்று சொன்னேனே, அதைக் காரணமாக எடுத்துக்கொள், நியாயமாக எடுத்துக்கொள்ளாதே. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறப்பார்கள், உனக்கும் பயம் வரும். வரும்போது அதை நிஷாவிடம் அன்றைக்கே வாய்விட்டுச் சொல். அசிங்கமாக இருந்தாலும் சொல். மறுநாள் காலைக்குள் அது வேறு உருவம் எடுத்துவிடும்.

ஆனால் அப்பா விஷயத்தில் நாள் எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவருக்குப் போன் செய். எனக்கு இல்லை, அவர் நம்பருக்கு. மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவர் பதறிப்போய்ப் போனை என்னிடம் கொடுத்துவிடுவார். டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்று கேள். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேள். அவர் முன் டயரிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் சொல்வார். நடுவில் எதையும் திருத்தாமல், ம் கொட்டிக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிரு.

அம்மா